லாச்சிக்கு முன்னால் கம்பித் தடுப்பு

மன்னார்க் கரையோரத்தில் நெடும்பயண வண்டிகள் பெருகிவிட்டன. ரயருக்கும் லைற்றுக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள், பின்னால் ஏற்றும் சாமானை எதனோடு பிணைக்கிறார்கள்?

ஓகஸ்ற் 15ஆம் திகதி மடுத் திருவிழாவுக்குச் சில நாள்கள் முன்பே வண்டிகள் வந்து சேரத் தொடங்கிவிடும். மர நிழலில் நிறுத்திய ஹயஸ் வானின் பின்கதவை மேலே தூக்கியதும் முதலில் சரிந்து விழுவது சுருட்டிய பாய். அடுத்துத் தலையணை, தண்ணீர்க் கலன், சோற்றுப் பானை, அரிசி மூட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், கடைசி சீற்றின் முதுகோடு ஒட்டியபடி காஸ் சிலிண்டர். நீர்கொழும்பிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ மணிக்கணக்காக ஓடிவந்த வண்டியில், அந்தச் சிலிண்டருக்கும் பிள்ளைகளின் தலைகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு பஞ்சுச் சாய்வு மட்டுமே.

மன்னாருக்கு வரும் நெடும்பயண வண்டி இப்போது யாத்திரை வான் மட்டுமில்லை. 2010இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறந்தது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் வந்து ஏ-32 வீதி வழியாக யாழ்ப்பாணம் கிட்டவாகியது. 2015இல் தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் மீண்டும் ஓடியது. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பிறகு, பூநாரைகளைத் தேடி முக்காலியும் தொலைநோக்கியுமாகக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மன்னாரில் ஜீ.பி.எஸ். கருவி பொருத்தி விட்ட கடற்காகம் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய்வந்ததை 2021இல் ஆய்வாளர்கள் தடம்பிடித்ததும் அந்த ஆர்வத்துக்கு ஓர் உரம். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீரில் சறுக்கும் வெளிநாட்டவர்கள் தீவின் கரைகளில் கூடாரம் அடிக்கிறார்கள். தெற்கே சிலாவத்துறை, கொண்டச்சி, முள்ளிக்குளம் என்று வில்பத்துக் காட்டின் வடக்கு எல்லை வரை இறங்குகிறவர்களும் உண்டு.

இவர்கள் ஓட்டிவருவது பிறாடோ, ஹைலக்ஸ், டிபெண்டர், ஜிம்னி. முன்னால் தடித்த இரும்பு பம்பர், கூரையில் சாமான் தட்டு, பக்கத்தில் நீருக்கு மேலே மூச்சு வாங்கும் குழாய், சேற்றுக்கென்று பூட்டிய பெரிய ரயர். பின்கதவைத் திறந்தால் பிளாஸ்ரிக் பெட்டிகள், ஐஸ் பெட்டி, கயிறு, மண்வெட்டி, பெற்றோல் கலன். எல்லாம் அதனதன் எடையை நம்பி இருக்கின்றன. தோற்றத்தில் நூறு வித்தியாசம் இருந்தாலும், பின்பக்க விடயத்தில் இந்த வண்டிக்கும் மடு வானுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு.

அவுஸ்திரேலியாவில் இந்தக் குறையைத் தீர்க்கவே ஒரு தொழிற்றுறை வளர்ந்தது. ஆளரவமற்ற உள்நாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடுகிறவர்களுக்காக, வண்டியின் பின்தளத்தில் நீள லாச்சிகளும், சீற்றுக்குப் பின்னால் தளத்திலிருந்து கூரை வரை இரும்புக் கம்பித் தடுப்பும் செய்யும் நிறுவனங்கள் அங்கே பல. கம்பித் தடுப்புக்கு அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 4034 என்று தனித் தரமே வைத்திருக்கின்றன. இலங்கையிலும் இப்போது வசதியுள்ளவர்கள் லாச்சி கேட்டு ஓடாவியிடமும் ஒட்டுக்கடையிடமும் போகிறார்கள். தடுப்பைக் கேட்பவர்கள் குறைவு. ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

மூன்று மாடி உயரத்திலிருந்து

மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது நமது ஊர்மனைப் பகுதிகளில் சட்டம் அனுமதிக்கும் வேகம். நொடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். ஒரு பொருள் மேலிருந்து விழுந்து அதே வேகத்தை அடைய வேண்டுமானால் 10 மீற்றர் உயரம் தேவை. அதாவது மூன்று மாடி. ஊருக்கு வெளியே கார் ஓடக்கூடிய 70 கிலோமீற்றர் வேகத்துக்கு அந்த உயரம் 19 மீற்றருக்கு மேல். வண்டி எதிலாவது மோதி நின்றதும் அதன் உள்ளே கட்டாமல் கிடக்கும் ஒவ்வொரு பொருளும் இந்த வேகத்தோடு முன்னே வருகிறது.

12.5 கிலோ காஸ் நிறைந்த வீட்டுச் சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்ந்து 25 கிலோவை நெருங்கும். மோதலில் வண்டியின் வேகம் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு கடுமையாகக் குறைகிறது என்று வைத்தால், அந்தச் சிலிண்டர் சீற்றின் முதுகை அரைத் தொன் எடையாகத் தள்ளும். முதுகு தாங்குமா?

ஐக்கிய நாடுகளின் 17ஆம் இலக்க வாகன விதியில் இதற்கென்று ஒரு சோதனை உண்டு. பின் சீற்றுக்குப் பின்னால் தலா 18 கிலோ எடையுள்ள, ஓர் அடி சதுரமான இரண்டு கட்டைகளை வைத்து 50 கிலோமீற்றர் வேக மோதலை நடத்திப் பார்ப்பார்கள். சீற்று பெயர்ந்து பயணிகள் மேல் சாயக் கூடாது. ஆக, அந்தச் சோதனையில் தேறிய நல்ல சீற்றே 36 கிலோவுக்குத்தான் பரீட்சிக்கப்பட்டது. மடு வானில் சிலிண்டர் 25, அரிசி 25, தண்ணீர் 20 என்று கூட்டினாலே 70 கிலோ. மேலே அடுக்கிய பானையும் பெட்டியும் சீற்று முதுகைத் தொடாமல் அதற்கு மேலாகவே பறந்துவரும்.

லாச்சி பூட்டினால் இந்த நிலைமை திருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. லாச்சிக்கு உள்ளே போன சாமான் பூட்டப்பட்டுவிடுகிறது. ஆனால் லாச்சிப் பெட்டி 25 முதல் 30 சென்ரிமீற்றர் உயரம். அதன் மேல்தட்டு புதிய தளமாகிறது. அதன்மேல் வைக்கும் ஐஸ் பெட்டியும் பையும் முன்பு சீற்று முதுகின் மறைவில் இருந்தவை. இப்போது பயணிகளின் கழுத்துக்கும் தலைக்கும் நேரே ஏறிவிட்டன. தடுப்பு இல்லாமல் லாச்சி மட்டும் பூட்டிய வண்டி, சிலவேளை பழைய வெறும் தள வண்டியைவிட மோசம்.

கழுதையும் கிறவல் வீதியும்

மோதல் என்பது எப்போதோ நடப்பது. திடீர் பிரேக் அன்றாடம் நடப்பது. மன்னார் நகரத்துத் தெருக்களில் கழுதைகள் தம் பாட்டில் நடக்கும். பொழுதுபட்டபின் ஏ-14, ஏ-32 வீதிகளில் சூடு ஆறாத தார் மேல் மாடுகள் படுத்துவிடும். காய்ந்த தார் வீதியில் முழு பிரேக் அடிக்கும்போது சாமானின் எடையில் ஏறக்குறைய எண்பது சதவீத விசை அதை முன்னே தள்ளுகிறது. சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 12195உம் முன்பக்கத்துக்கு 0.8 பங்கு, பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் 0.5 பங்கு என்றே கணக்குப் போடச் சொல்கிறது. இரும்புத் தளத்தில் மணல் தூவிக் கிடந்தால் உராய்வு இதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது. பாரமாக இருக்கிறது, அசையாது என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது.

வீதிகளும் உதவுவதில்லை. பிரதான சாலைகள் இப்போது வழவழப்பானவை. கரைக்கும் குளக்கட்டுக்கும் பிரிந்து போகும் கிறவல் பாதைகளோ மழைக்குப் பிறகு அலை அலையாகக் காய்ந்து கிடக்கும். அதில் ஓடும் வண்டி நொடிக்குப் பல தடவை அதிர்கிறது. சாதாரண நட்டு இந்த அதிர்வில் தானாகவே கழன்றுவிடும். ஒட்டுப்போட்ட மூட்டில் சிறு வெடிப்பு இருந்தால் அது வளரும். மரப்பலகையில் முறுக்கிய ஆணி தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். தொழிற்சாலை லாச்சியோ உள்ளூர் லாச்சியோ, இத்தகைய பாதையில் முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி எல்லா நட்டுகளையும் இன்னொரு தடவை இறுக்குவது அனுபவசாலிகளின் வழக்கம்.

வெள்ளை வண்டிகள் காட்டிய முறை

சாமானைப் பிணைத்து ஓடும் வண்டிகள் மன்னாருக்குப் புதியவை அல்ல. 2009க்குப் பிறகு மாவட்டத்தின் வயல்களிலும் குளத்தடிகளிலும் கண்ணிவெடி அகற்ற மாக், எஃப்.எஸ்.டி., இந்தியாவின் சர்வத்ரா, ஹொரைசன் போன்ற அமைப்புகள் வந்தன. அவற்றின் வெள்ளை வண்டிகள், டொயோட்டாவின் 70 வரிசை லாண்ட் குறூசர், அக்கால வீதிகளில் சாதாரணக் காட்சி. உள்ளே பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும்: ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பூட்டு. கண்ணிவெடிப் பணிக்கான சர்வதேசத் தரங்கள், வெடிமருந்தையும் அதைத் தூண்டும் டெட்டனேற்றரையும் பிரித்துக் கொண்டுபோகச் சொல்கின்றன. காயப்பட்டவரை உடனே ஏற்றிப்போக வண்டி ஒன்று தயாராக நிற்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஸ்ரெச்சர் ஒரு பக்கம், மருந்துப் பெட்டி ஒரு பக்கம், ரேடியோ ஒரு பக்கம். அவசரத்தில் தேடும் வேலை அங்கே இல்லை.

அந்த வண்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. இன்று அதே முறையை வடக்கு மக்கள் 1990 சுவசெரிய அம்புலன்ஸில் பார்க்கலாம். இந்திய நன்கொடையோடு 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிய சேவை 2018இல் வட மாகாணத்துக்கு வந்தது. அம்புலன்ஸ் வண்டிகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 1789. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவியும் தன் எடையின் பத்து மடங்கு விசையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மேலும் கீழும் தாங்கிப் பிடிபட்டிருக்க வேண்டும் என்கிறது. மேல்நோக்கியும் என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி கவிழ்ந்தால் தளம் கூரையாகிவிடும். வீட்டில் லாச்சி செய்பவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் வேண்டியதில்லை: பொருளுக்குப் பத்து மடங்கு, தலைக்குப் பின்னால் உள்ள தடுப்புக்கு இருபது மடங்கு.

நான்கு போல்ற்றுகளின் கணக்கு

ஒரு நடுத்தர வண்டிக்கு லாச்சி செய்வதை எடுத்துக்கொள்வோம். 8×4 அளவில், 15 மில்லிமீற்றர் தடிப்பு மெரைன் பிளைவூட் இரண்டு பலகை. அவற்றின் எடை மட்டும் 55 கிலோ அளவில் வரும். சனல், பூட்டு, மேல் விரிப்பு எல்லாம் சேர்ந்து 80 கிலோ. உள்ளே 120 கிலோ சாமான் வைத்தால் மொத்தம் 200. லாச்சியும் பயணிகளுக்கு நேர் பின்னால் இருப்பதால், தடுப்புக்குச் சொன்ன இருபது மடங்கையே இதற்கும் வைத்துப் பெருக்கினால் நான்கு தொன்.

நான்கு தொன்னைத் தாங்கும் போல்ற்று மன்னார்க் கடைகளில் கிடைக்காத அதிசயம் அல்ல. 8 மில்லிமீற்றர் போல்ற்று, தலையில் 8.8 என்று பொறித்தது, வெட்டுவிசையில் அறுவதற்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். நான்கு போட்டால் காகிதத்தில் கணக்குச் சரி. சிக்கல் தளத்தில் இருக்கிறது. வண்டியின் தளத் தகரம் ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்பு. போல்ற்று அறாது, தகரத்தைக் கிழித்துக்கொண்டு முழுசாக வெளியே வரும். ஆகவே தளத்துக்கு அடியில், போல்ற்றின் மறுமுனையில், உள்ளங்கை அளவுக்காவது தடித்த இரும்புத் தகடு வேண்டும். அதைவிடச் சிறந்தது, தொழிற்சாலையே சீற்றுக்கும் சீற்பெல்ற்றுக்கும் வைத்துத் தந்த பிணைப்பு இடங்களைப் பயன்படுத்துவது. அவை தகரத்தில் நிற்பவை அல்ல; வண்டியின் எலும்புக்கூட்டில் நிற்பவை. கழற்றிய மூன்றாவது வரிசை சீற்றின் துளைகள் இதற்கு மிகப் பொருத்தம்.

தகர ஆணியால் தளத்தில் முறுக்கிப் பொருத்திய லாச்சி அழகாக இருக்கும், ஆண்டுக்கணக்கில் ஓடும், முதல் மோதலில் முன் சீற்றுக்கு வந்துவிடும். துளை போடுவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பின்தளத்துக்கு நேர் கீழே எரிபொருள் தாங்கி இருக்கும் வண்டிகள் பல. வண்டியைத் தூக்கி அடியில் பார்க்காமல் துளைக் கருவியைக் கையில் எடுப்பது நெருப்போடு விளையாட்டு.

லாச்சி எதில் ஓடுவது என்பது அடுத்த முடிவு. கொழும்புக் கடைகளில் கிடைக்கும் பாரம் தாங்கும் பேரிங் சனல்கள் மெதுவாக, சத்தமில்லாமல் ஓடும். ஆனால் அவற்றின் கிறீஸில் தீவின் மெல்லிய மணல் ஒட்டிக்கொண்டால் அதுவே அரைக்கும் மாவாகிவிடும். கடற்கரைப் பாவனைக்குப் பழைய வழி மேலானது. பலகையின் அடியில் தடித்த பிளாஸ்ரிக் பட்டி ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று. இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். கிறீஸ் வேண்டாம், மணலைத் தட்டிவிட்டால் போதும். பூட்டு மட்டும் மலிவானதாக இருக்கக் கூடாது. ஏற்றத்தில் ஏறும்போது பின்கதவை உள்ளிருந்து இடிப்பது பூட்டு நழுவிய லாச்சிதான்.

உப்புக்குத் தாங்குமா?

உப்பளமும் கடலும் காற்றும் ஒன்றுகூடிய ஊரில் இரும்பின் ஆயுள் குறுகியது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்பதே இங்கே காற்று எவ்வளவு விடாமல் வீசுகிறது என்பதற்குச் சாட்சி. அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருவே பிடிக்காது என்பது பொதுவான நம்பிக்கை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 304 ரகம் கடற்காற்றில் தேநீர்க் கறை போலப் புள்ளி போடும். மொலிப்டினம் கலந்த 316 ரகமே கடலுக்கானது. அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ற்றை நேரே முறுக்கினால் உப்பீரத்தில் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். நடுவில் நைலோன் வாசர் போட்டால் அந்த அரிப்பு குறையும்.

பிளைவூட்டுக்கு எதிரி வேறு. வெட்டிய ஓரத்தால் ஈரம் ஏறும், ஏடுகள் பிரியும். இதற்கு மருந்து நமது கரையிலேயே இருக்கிறது. 1967இல் நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் காலத்திலிருந்தே வடக்குக் கரையில் ஃபைபர் படகு வேலை பழகிய கைகள் உண்டு. பேசாலையிலும் வங்காலையிலும் படகு ஒட்டுகிறவர்களுக்கு, பலகையின் ஓரத்தில் றெசின் பூசி அடைப்பது அரைநாள் வேலைகூட இல்லை. கொழும்பில் பெரும் விலை கொடுத்து லாச்சி வாங்குவதற்கு முன், கரையிலிருக்கும் இந்தக் கைத்திறனை ஒருமுறை விசாரிப்பது பணத்துக்கும் நல்லது, பலகைக்கும் நல்லது.

ஜிம்னிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு

வண்டி இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் போட்ட தடை தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஐந்து ஆண்டுகள் பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓடிய நாட்டில், இருக்கிற வண்டியைப் பயணத்துக்கு ஏற்றதாக மாற்றும் ஆசை வளர்ந்ததில் வியப்பில்லை. ஆசைக்கு எல்லை போடுவது எடை.

சுசுக்கி ஜிம்னியை எடுத்துக்கொண்டால், இப்போதைய மூன்று கதவு வண்டியின் மொத்த எடை எல்லை 1,435 கிலோ. வெறும் வண்டியே ஏறக்குறைய 1,100. மீதம் 335. தலா 65 கிலோவில் நான்கு பேர் ஏறினால் 260 போய்விடும். எஞ்சுவது 75 கிலோ. முன்சொன்ன லாச்சியின் வெற்று எடைக்கே அது போதாது. ஜிம்னியில் லாச்சி வேண்டுமென்றால் பின் சீற்றைக் கைவிட்டு இருவர் மட்டும் பயணம் போக வேண்டும். அப்போதும் தடுப்பு முன் சீற்றுக்குப் பின்னால் வர வேண்டும். சீற்றைக் கழற்றும்போது, பதிவுப் புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையும் மாறுகிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக்காரரிடமும் முன்கூட்டியே கேட்டுவைப்பது பின்னால் வரும் வில்லங்கத்தைத் தவிர்க்கும்.

பெரிய வண்டிகளில் இடம் தாராளம் என்பதால் வேறு தவறு நடக்கிறது. பாரமான சாமான் பின்கதவை ஒட்டிக் குவிகிறது. பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் எடை முன் சக்கரத்தைத் தூக்கும், ஸ்ரியறிங் இலேசாகும், மணலில் பின்சக்கரம் முதலில் புதையும். தண்ணீர், பற்றறி, கருவிப் பெட்டி போன்ற பாரங்கள் தாழ்வாகவும் இரு அச்சுகளுக்கு நடுவிலும் போக வேண்டும். கூடாரமும் பாயும் போர்வையும் பின்னால் போகலாம்.

இன்னொரு சின்ன விடயம், மணலில் மாட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். தலைமன்னார் மணலில் இறங்கும்போது ரயர்க் காற்றை 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறைப்பார்கள், மேலே ஏறியதும் திரும்ப அடிக்கக் காற்றுப் பம்பி தேவை. மண்வெட்டியும் இழுகயிறும் பம்பியும் லாச்சியின் அடித்தளத்தில் கூடாரத்துக்குக் கீழே இருந்தால், வெயிலில் முழுச் சாமானையும் மணலில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். முதலில் தேவைப்படுவது கடைசியாக ஏற வேண்டும்.

காஸும் பெற்றோலும் லாச்சிக்குள் போகவே கூடாத இரண்டு பொருள்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தளத்தில் தேங்கும். லாச்சிக்குள் தேங்கிய காஸுக்குப் பக்கத்துப் பற்றறி வயரில் பறக்கும் ஒரு பொறி போதும். 2022இன் எரிபொருள் வரிசைக் காலத்தில் வண்டிக்குள் கலன் வைத்து ஓடப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. மூடிய வண்டிக்குள் பெற்றோல் கலன் வெயிலில் வீங்கும், ஆவி விடும். அதற்கு இடம் வெளியே, பூட்டோடு செய்த தாங்கியில்.

தடுப்பு எப்படி இருக்க வேண்டும்?

டபுள் கப் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. சாமான் ஏறும் தொட்டியும் ஆள் இருக்கும் கூடும் தனித்தனி. நடுவில் இரும்புச் சுவர். அவர்கள் பார்க்க வேண்டியது பின் சீற்றில் எறிந்துவைக்கும் கருவிப் பெட்டியை மட்டும். பிறாடோ, லாண்ட் குறூசர், ஜிம்னி, ஹயஸ் போன்ற ஒரே கூட்டு வண்டிகளுக்குத் தடுப்பு கட்டாயம்.

நல்ல தடுப்பு தளத்தில் தொடங்கிக் கூரை வரை போகும். அரை உயரத் தடுப்பு, லாச்சி பூட்டிய வண்டிக்குப் பயனற்றது. சாமான் அதற்கு மேலே ஏறிவிட்டது. கம்பிச் சதுரங்கள் சிறியதாக இருக்க வேண்டும், கருவிப் பெட்டியிலிருந்து தெறிக்கும் சாவி ஊடே வரக் கூடாது. மேல்முனை கூரைத் தகரத்தில் நிற்காமல், கூரையின் குறுக்குச் சட்டத்திலோ பக்கத் தூணிலோ பிணைக்கப்பட வேண்டும். பக்கத் திரை ஏர்பாக் உள்ள வண்டியில் அது விரியும் வழியை மறைக்கக் கூடாது. பின் சீற்றின் பெல்ற் மேல்நோக்கிப் போகும் இடத்தையும் குழந்தை சீற்றின் பிணைப்பையும் தடுப்பு விழுங்கிவிடக் கூடாது. மோதலில் தடுப்பு கொஞ்சம் வளையும். ஆகவே அதற்கும் பின் சீற்றுத் தலையணைக்கும் இடையில் ஒரு கையகல இடைவெளி தேவை.

ஒட்டுக்கடையில் ஜன்னல் கிறில் செய்வதுபோலச் செய்து, நான்கு மூலையிலும் சிறு ஆணி போட்டுப் பூட்டிய தடுப்புகளும் வீதியில் ஓடுகின்றன. அவை நாயைப் பின்னால் நிறுத்திவைக்கும், சிலிண்டரை நிறுத்தாது.

யாத்திரை வானுக்கு இவ்வளவு செலவு செய்ய முடியாது என்பது நியாயமான பேச்சு. அங்கே செலவில்லாத வழிகள் உண்டு. சிலிண்டர் படுக்காமல் நிமிர்ந்து நிற்க, சீற்றின் இரும்புக் காலோடு இறுக்குப் பட்டியால் இரண்டு சுற்றுக் கட்டலாம். அரிசி மூட்டையும் தண்ணீரும் தளத்தில், சீற்றோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியபடி போகலாம். இடைவெளி இல்லாத பொருள் வேகம் எடுத்து இடிக்காது. சீற்று முதுகின் உயரத்துக்கு மேல் பாயும் தலையணையும் தவிர வேறெதுவும் ஏறக் கூடாது. கடைசி வரிசையில் யாரும் இல்லாவிட்டாலும் அந்த சீற்றின் பெல்ற்றுகளைப் பூட்டிவைத்தால் முதுகுக்கு அது கூடுதல் பிடி.

இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உயிரிழக்கிறார்கள். நீண்ட தூரம், தூக்கக் கலக்கம், இருட்டில் குறுக்கே வரும் மாடு என்று காரணங்கள் பல; அவற்றில் பல ஓட்டுநரின் கையில் இல்லை. பின்னால் ஏற்றிய சாமான் அவர் கையில் இருக்கிறது.

கையில் உள்ள பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் கம்பித் தடுப்பை முதலில் செய்யுங்கள். லாச்சி அடுத்த வருடம் வரட்டும். அதுவரை பிளாஸ்ரிக் பெட்டிகளைப் பட்டியால் கட்டி ஓடலாம். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, பலகையின் மினுக்கத்தைப் பார்ப்பதற்கு முன் வண்டியை மேலே தூக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு போல்ற்றுக்கும் அடியில் தகடு இருக்கிறதா, நட்டு கழலாத வகையா என்று கண்ணால் பாருங்கள். தகடு இல்லையென்றால் கூலியைக் கொடுக்காமல் வண்டியைத் திரும்ப உள்ளே விடச் சொல்லுங்கள்.